இரும்பு 212

நெப்ராஸ்காவில் மழை பிடித்தால் தபால் பை கனக்கும்.
வயலில் இறங்க முடியாதவர்கள்
வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் இறக்குவார்கள்.
அரைக் குப்பி கறுப்பு, மூடியைச் சுற்றி டேப்,
அதன்மேல் எங்கள் விலாசம்.

நான் எரித்துப் பார்க்கிறவள்.
சுடரில் துளி விழுந்ததும்
ஒவ்வொரு உலோகமும் தன் நிறத்தில் வாக்குமூலம் தரும்.
செம்பு என்றால் பேரிங்.
சிலிக்கான் என்றால் காற்று வடிகட்டியில் ஓட்டை.
சோடியம் என்றால் எங்கோ கூலன்ட் கசிகிறது;
வண்டிக்காரருக்குத் தெரியும், ஒத்துக்கொள்ள மாட்டார்.

லொரெட்டா ஸ்வொபோடா, வில்பர்.
எழுபத்தொன்றாம் வருடத்துத் தானிய லாரி.
பதினோரு அறுவடையாக அனுப்புகிறார்.
முகம் பார்த்ததில்லை, அவருடைய இரும்பு தெரியும்:
பதினெட்டு, இருபத்தொன்று, பத்தொன்பது,
சோளம் கொட்டிக்கொடுத்த வருடம் இருபத்தாறு.

இந்த முறை இருநூற்றுப் பன்னிரண்டு.

கருவியைக் கழுவி மறுபடி விட்டேன்.
இருநூற்றுப் பதினான்கு.
சீட்டில், குறிப்புகள் என்ற கட்டத்தில், பென்சிலால்:
'இருப்பதிலேயே உசத்தியானது ஊற்றினேன்.'

போன் செய்தேன்.
'டப்பாவில் புது எழுத்து போட்டிருந்ததே.
எழுத்து ஏற ஏற நல்லதுதானே?'

ஆமாம். இல்லை.
எஸ்.ஏ என்று தொடங்கிய வரிசை அது.
நடுவில் ஒன்றிரண்டு எழுத்துகளைத் தாண்டிக் குதித்தார்கள்,
காணாமல் போனதை யாரும் தேடவில்லை.
ஒவ்வொரு படியிலும் புது வண்டிகளுக்காக
ஏதோ கூட்டி, ஏதோ குறைத்து.
குறைத்ததில் ஒன்று பாஸ்பரஸ்.

துத்தநாகத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அது வரும்.
சும்மா மிதந்துகொண்டிருக்கும்.
உலோகம் உலோகத்தை நசுக்கும் இடத்தில் மட்டும்,
அந்தச் சூட்டில் மட்டும்,
கண்ணாடி மாதிரி ஒரு தோலாகப் படியும்.
தேய்வதற்கென்றே படியும்,
தேய்ந்த இடத்தில் திரும்பப் படியும்.
கொஞ்சம் புகையோடு வெளியேறி
புது வண்டியின் புகைக்குழாயில் உட்கார்ந்துகொள்ளும்,
அங்கே நச்சை மாற்றும் பிளாட்டினத்தின் மூக்கை அடைக்கும்.
அதனால் குறைத்தார்கள்.
தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.
என் மகன் ஓமஹாவில், நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருக்கிறான்,
இன்ஹேலர் இல்லாமல் மாடி ஏற மாட்டான்.

ஆனால் உங்கள் லாரியில் பிளாட்டினம் ஏது?
தட்டையான டாப்பெட். அதைக் கேமின் மூக்கு
நிமிடத்துக்கு ஆயிரம் தரம் உரசித் தள்ளுகிறது.
நடுவில் தோல் இல்லை.

அந்தப் பக்கம் தொலைக்காட்சியில்
யாரோ ஆலங்கட்டி மழை என்றார்கள்.
'போன மாதத்திலிருந்தே டிக் டிக் என்றது,'
என்றார் லொரெட்டா.
'ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.'

அறிக்கையில் எழுதினேன்:
டீசல் என்ஜினுக்கான தடித்த ஆயில் பாருங்கள்.
எழுத்தைக் கேட்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள்.
அடித்துவிட்டு, மரியாதையாக இல்லையோ என்று
'தயவுசெய்து' சேர்த்தேன்.

மார்ச்சில் ஒரு குப்பி வந்தது.
புது கேம், புது டாப்பெட், முதல் அரை மணி நேரத்து ஆயில்.
'பயப்படலாமா?' என்று சீட்டில்.
இரும்பு முந்நூற்று நாற்பது.
புதிதாகச் சேர்ந்த இரண்டு இரும்பு
ஒன்றையொன்று சீவிக்கொண்டுதான் பழகும்.
'சாதாரணம்' என்று அடித்தேன்.

ஆயிலின் தரம் என்ற கட்டத்தில்
எழுத்து எதுவும் இல்லை.
துத்தநாகம் ஆயிரத்து முந்நூறு,
பாஸ்பரஸ் ஆயிரத்து இருநூறு,
இரண்டு முறை அடிக்கோடு.
ரேடியோவைக் கழற்றி விற்றுவிட்டதாக
ஓரத்தில் ஒரு வரி.
அதற்கு எங்களிடம் பரிசோதனை கிடையாது.